பனியன் கம்பெனியில் 180 பேர்: மஸ்டர் நோட்டிலிருந்து முக மெஷின், சம்பள சாஃப்ட்வேருக்கு மாற எதை முதலில் செய்வது?

பின்னலாடை_ஆபீஸ்:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட், மொத்தம் 180 பேர். ஆபீஸ், சூப்பர்வைசர் என்று மாதச் சம்பளம் 24 பேர். நிட்டிங், செக்கிங், கைமடி, அயர்னிங், பேக்கிங் சேர்த்து ஷிப்ட் கூலி 98 பேர். மீதி 58 பேர் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) டெய்லர்கள். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் ஆட்கள்.

வருகை மஸ்டர் நோட்டில், சம்பளம் எக்செல்லில். சனிக்கிழமை வாரச் சம்பளம். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மட்டும் மாதக் கணக்கு. அந்த எக்செல் ஃபைலைப் புரிந்தவர் ஆபீஸில் ஒருவர்தான். அவர் ஊருக்குப் போனால் சனிக்கிழமை திண்டாட்டம்.

கைரேகை மெஷின் ஒன்று ஏற்கெனவே வாங்கிப் பாதிப் பேருக்கு விரல் எடுக்காமல் மூலையில் கிடக்கிறது. இப்போது முகம் பார்க்கும் மெஷினும் கிளவுட் சம்பள சாஃப்ட்வேரும் போடலாம் என்று முதலாளி முடிவு செய்திருக்கிறார். டெமோ காட்டியவர்கள் எல்லோரும் "ஒரு வாரத்தில் ஓடும்" என்கிறார்கள். நம்பிக்கை வரவில்லை. எந்த வரிசையில் போனால் சரியாக இருக்கும்? எங்கெல்லாம் இடிக்கும்? நிட்டிங்கில் நைட் ஷிப்ட் உண்டு, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

---

சம்பளக்கணக்கு:

சாஃப்ட்வேர் ஒரு வாரத்தில் ஓடும் என்பது பொய்யில்லை. ஓடும், தப்பான சம்பளத்தோடு. உங்கள் எக்செல்காரர் தலைக்குள் இருக்கும் விதிகள் எதுவும் காகிதத்தில் இல்லை, அதுதான் உங்கள் முதல் வேலை. டெமோக்களை நிறுத்திவிட்டு அவரோடு இரண்டு நாள் உட்காருங்கள்.

கேள்விகள் இந்த மாதிரி இருக்க வேண்டும். ஷிப்ட் 8:30க்கு. ஒரு செக்கிங் அம்மா 8:42க்கு வருகிறார். 10 நிமிஷம் சலுகை என்றால் அவருக்கு வெட்டு எவ்வளவு? 12 நிமிஷமா, அரை மணியா, கால் ஷிப்டா? மாதத்தில் எத்தனை முறை மன்னிப்பு? நோட்டில் இதெல்லாம் சூப்பர்வைசர் முகம் பார்த்து முடிவாகும். மெஷினுக்கு முகம் பார்க்கத் தெரியும், முகதாட்சண்யம் தெரியாது. ஆக, முதல் சனிக்கிழமை 40 பேர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

அடுத்தது ஒன்றரை ஷிப்ட். காலை 8:30 முதல் மாலை 5:30 வரை ஒரு ஷிப்ட், இரவு 8:30 வரை இருந்தால் ஒன்றரை என்று நம்ம ஊர் வழக்கம். ஷிப்ட் கூலி 520 என்று வையுங்கள். வழக்கப்படி அந்த 3 மணி நேரத்துக்கு அரை ஷிப்ட், 260 ரூபாய். சட்டப்படி ஓவர்டைம் இரண்டு மடங்கு: 520ஐ 8ஆல் வகுத்தால் மணிக்கு 65, இரண்டு மடங்கு 130, மூன்று மணிக்கு 390. நோட்டில் இந்த 130 ரூபாய் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மெஷினில் மணி, நிமிஷத்தோடு பதிவாகி நிற்கும். பையர் (துணி வாங்கும் கம்பெனி) ஆடிட் வரும்போது முதலில் கேட்பது அந்த பஞ்ச் (மெஷினில் விழும் வருகைப் பதிவு) அறிக்கையைத்தான். "சாஃப்ட்வேர் இதை மறைத்துக் காட்டும்" என்று சில விற்பனையாளர்கள் இரண்டாவது செட் அறிக்கை தருவதாகவே சொல்வார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். விகிதத்தைச் சரிசெய்வதா, நேரத்தைக் குறைப்பதா என்று முதலாளி இப்போதே முடிவெடுக்கட்டும்.

அதற்கப்புறம் ஆள் பட்டியல். உங்கள் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். நம்ம பெயர்களில் இனிஷியல் ஒரு தலைவலி. நோட்டில் "எம். முருகன்", ஆதாரில் "முருகன் மாரியப்பன்", வங்கியில் "முருகன் எம்". மூன்றும் ஒரே ஆள் என்பது உங்களுக்குத் தெரியும், பிஎஃப் தளத்துக்குத் தெரியாது. ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, தகப்பனார் அல்லது கணவர் பெயர் மூன்றையும் எடுத்து அதையே மூலமாக வையுங்கள். கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம் போதும்.

எக்செல்லில் இருந்து ஏற்றும்போது யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) 12 இலக்கம், இஎஸ்ஐ எண் 10 இலக்கம், வங்கிக் கணக்கு எண் எல்லாக் கட்டங்களையும் முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் டைப் செய்யுங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாகப் பிடித்து வைக்காது. 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். முன்னால் 0 இருந்தால் அது காணாமல் போகும். பிறகு டெக்ஸ்டாக மாற்றினாலும் போனது திரும்பாது. பணம் திரும்பி வந்தால் பரவாயில்லை, வேறு யாராவது கணக்குக்குப் போய்விட்டால்தான் கஷ்டம்.

ஆள் நம்பர் பற்றி ஒன்று: விலகியவர் நம்பரைப் புது ஆளுக்குக் கொடுக்கவே கூடாது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஆட்கள் உள்ள இடத்தில் இது அடிக்கடி நடக்கும். 214 போனார், வந்தவருக்கு 214 கொடுத்தார்கள் என்றால் பழைய 214இன் பஞ்ச், அட்வான்ஸ் பாக்கி எல்லாம் புதியவர் தலையில் விழும். திரும்பி வந்தவருக்கு அவருடைய பழைய நம்பரையே கொடுங்கள்.

---

பஞ்ச்_மெஷின்:

மெஷின் பக்கம் நான் சொல்கிறேன்.

விரல் எடுக்காததற்குக் காரணம் மெஷின் மட்டுமில்லை. நாள் முழுக்கத் துணி தேய்ந்து செக்கிங், கைமடி ஆட்களின் ரேகை மழுங்கியிருக்கும். அயர்னிங் ஆட்களுக்குச் சூட்டில் தோல் காய்ந்திருக்கும். சென்சார் கண்ணாடி மேல் பஞ்சுத் தூசி படியும். இதற்குச் சிலர் மெஷினின் பொருத்த அளவைக் குறைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் விரல் எடுக்கும், ஆனால் ஒருவர் விரலுக்கு இன்னொருவர் பெயர் வரும். அதைச் செய்யாதீர்கள். அந்தப் பழைய மெஷினை நம்பர் அடித்துவிட்டு விரல் வைக்கும் முறைக்கு மாற்றி மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பட்டியலில் தேடாமல் ஒரே ஆளோடு ஒப்பிடுவதால் தப்பு குறையும். ஆளுக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல் பதிந்திருக்க வேண்டும்.

முக மெஷின் எத்தனை வேண்டும் என்பது எளிய கணக்கு. மெஷின் ஒரு நொடியில் பிடிக்கும் என்பார்கள். ஆள் வந்து நின்று, பார்த்து, நகர 5 நொடி. 8:15லிருந்து 8:30க்குள் 160 பேர் என்றால் 800 நொடி, 13 நிமிஷத்துக்கு மேல். ஒரே மெஷின் போட்டால் 8:28க்கு கேட்டுக்குள் வந்தவர் 8:33க்கு பஞ்ச் ஆவார். அவருக்கு நீங்கள் வெட்டும் காசு உங்கள் மெஷின் பற்றாக்குறைக்கான காசு. இரண்டு போடுங்கள், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது.

மாட்டும் இடம் முக்கியம். கேட் கிழக்குப் பார்த்திருந்தால் காலை வெயில் ஆள் முதுகுக்குப் பின்னால் அடிக்கும், கேமராவுக்கு முகம் கறுப்பாகத் தெரியும். பக்கச் சுவரில், நிழலில், மேலே ஒரு டியூப் லைட் போட்டு மாட்டுங்கள். பதியும்போது முகக் கவசம் இல்லாமல், வேலைக்கு வரும் வழக்கமான கண்ணாடியோடு, மெஷின் இருக்கும் அதே வெளிச்சத்தில் பதியுங்கள். ஆபீஸ் ரூமில் ஏசிக்குள் உட்காரவைத்துப் பதிந்துவிட்டு கேட்டில் எடுக்கவில்லை என்று புலம்புவது வழக்கமான கதை. தினமும் காலையில் லென்ஸைத் துடைப்பது யார் வேலை என்று ஒருவர் பெயரை எழுதி வையுங்கள்.

மெஷினில் அட்மின் ஆளைப் பதியாமல் விட்டால் மெனு பொத்தானை யார் அழுத்தினாலும் திறக்கும், கடிகாரத்தையே மாற்றலாம். மாட்டிய அன்றே இரண்டு அட்மின் பதியுங்கள். நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள். மெஷினுக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்து ரவுட்டரை மறந்தால் கரண்ட் போகும்போது பதிவு மெஷினிலேயே தங்கும். அது தப்பில்லை, பிறகு ஏறிவிடும். ஆனால் சனிக்கிழமை மதியம் சம்பளம் போடும்போது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். மெஷினில் உள்ள பதிவை அழிக்கும் முன் மூலப் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி நைட் ஷிப்ட். நிட்டிங்கில் ராத்திரி 8 முதல் காலை 8 என்று வைத்துக்கொள்கிறேன். (12 மணி நேரமும் வேலையாக ஓடினால் மேலே சொன்ன ஓவர்டைம் சிக்கல் இங்கேயும் உண்டு.) சாஃப்ட்வேர் நாளை நள்ளிரவில் முறித்தால் செவ்வாய் ராத்திரி 8 மணி உள்ளே, புதன் காலை 8 மணி வெளியே என்பது செவ்வாயில் ஒற்றை பஞ்ச், புதனில் ஒற்றை பஞ்ச் என்று விழும். இரண்டு நாளும் ஆப்சென்ட். இதற்கு நேர ஜன்னல் வேண்டும்: நைட்டுக்கு உள்ளே வரும் பஞ்ச் 18:30 முதல் 22:00 வரை, வெளியே போகும் பஞ்ச் மறுநாள் 06:00 முதல் 10:00 வரை, நாள் எது என்றால் உள்ளே வந்த தேதி. முதல் பஞ்ச் உள்ளே, அடுத்தது வெளியே என்று மாற்றி மாற்றி எடுக்கும் முறையை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஒரு பஞ்ச் மறந்தால் அன்றிலிருந்து அவருடைய உள்ளேயும் வெளியேயும் தலைகீழாகிவிடும்.

டெமோவில் யாரும் சோதிக்காத ஒன்று உண்டு. பகல் ஷிப்ட் முடித்தவர் ஆள் வராததால் நைட்டையும் பார்க்கிறார். 20:00க்கு வெளியே, 20:08க்கு மறுபடி உள்ளே. பல சாஃப்ட்வேரில் "15 நிமிஷத்துக்குள் வரும் இரண்டாவது பஞ்சைக் கணக்கில் எடுக்காதே" என்பது இயல்பாக இருக்கும். அந்த 20:08ஐ அது முழுங்கிவிடும், ஒரு நைட் ஷிப்ட் கூலி போச்சு. அதை 2 நிமிஷமாகக் குறையுங்கள். இப்படி இரட்டை ஷிப்ட் நடக்கக் கூடாதுதான், ஆனாலும் நடந்ததைப் பதிவு காட்ட வேண்டும்.

---

பின்னலாடை_ஆபீஸ்:

ரொம்ப நன்றி. 20:08 விஷயம் எங்கள் நிட்டிங்கில் வாரம் இரண்டு தடவையாவது நடக்கும்.

இரண்டு கேள்வி. மெஷினே வேண்டாம், எல்லோர் போனிலும் ஆப் போட்டு இடம் பார்த்து வருகை எடுக்கலாம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது, அது ஒத்து வருமா? இன்னொன்று, "பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் கொடுத்துச் சோதித்தால் உண்மை தெரியும்?

---

பஞ்ச்_மெஷின்:

ஆப் பற்றி: ஷெட் ஆட்களுக்கு வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே போன் காட்டும் இடம் பக்கத்துத் தெருவுக்கே போய்விடும், போலி இடம் காட்டும் ஆப்களும் சுலபமாகக் கிடைக்கின்றன, எல்லோரிடமும் ஒத்துவரும் போன் இருக்காது. மெர்ச்சன்டைசர், ஜாப் ஒர்க் ஃபாலோ-அப் போகிறவர்கள் என்று வெளியே சுற்றும் நான்கைந்து பேருக்கு மட்டும் போடுங்கள்.

---

பிஎஃப்_டெஸ்க்:

இரண்டாவது கேள்விக்கு: டெமோவில் அவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஆட்களைப் பார்க்காதீர்கள். நீங்கள் கீழே உள்ள ஆட்களை உள்ளிட்டு எண்ணைப் பாருங்கள்.

முதல் ஆள், பிஎஃப் சம்பளம் 13,020. தொழிலாளி பங்கு 12% என்பது 1,562.40, ரூபாய்க்கு 1,562. கம்பெனி பங்கில் பென்ஷனுக்கு 8.33%, அதாவது 1,084.57, ரூபாய்க்கு 1,085. மீதி பிஎஃப் கணக்குக்கு 1,562இல் 1,085ஐக் கழித்து 477. சாஃப்ட்வேர் இதைக் கழிக்காமல் 3.67% என்று தனியாகப் போட்டால் 477.83 வந்து 478 ஆகும், கூட்டினால் 1,563. ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். 180 பேருக்கு மாதாமாதம் இப்படி வந்தால் கணக்குப் புத்தகமும் சலானும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

இரண்டாவது ஆள், பிஎஃப் சம்பளம் 19,000, கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிறது. தொழிலாளி பங்கு 2,280. பென்ஷன் பங்கு மட்டும் 15,000 உச்சவரம்போடு 1,250இல் நின்று, மீதி 1,030 பிஎஃப்புக்குப் போக வேண்டும். 19,000க்கு 8.33% போட்டு 1,583 என்று காட்டினால் டெமோவை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆள் இஎஸ்ஐக்கு. ஏப்ரல், மே சம்பளம் 20,400. ஜூனில் உயர்வு, 22,000. உச்சவரம்பு 21,000. பல சாஃப்ட்வேர் ஜூனிலேயே பிடித்தத்தை நிறுத்திவிடும். தப்பு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை, இந்த ஆளுக்கு செப்டம்பர் 30 வரை, 22,000க்கும் கட்ட வேண்டும்: தொழிலாளி 0.75% 165, கம்பெனி 3.25% 715. இஎஸ்ஐயில் தொழிலாளி பங்கை ஆளுக்கு ஆள் மேல்நோக்கி ரூபாயாக்க வேண்டும். 16,500க்கு 123.75 என்றால் 124. பிஎஃப்பில் கிட்டத்து ரூபாய், இஎஸ்ஐயில் மேல் ரூபாய். இரண்டுக்கும் ஒரே சூத்திரம் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய.

உங்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்று: ஷிப்ட் எண்ணிக்கையும் நாள் எண்ணிக்கையும். 23 நாள் வந்தவர் ஒன்றரை ஷிப்டுகள் சேர்ந்து 30.5 ஷிப்ட் எடுத்திருப்பார். கூலிக்கு 30.5 சரி. இஎஸ்ஐ தாளில் நாள் கட்டத்தில் 23தான் வர வேண்டும். பின்னமாக வந்தால் மேல்நோக்கி முழு எண். சாஃப்ட்வேரில் "வேலை நாள்" என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு என்றால் அது உங்களுக்கு ஆகாது. நாள் எண்ணிக்கை தப்பினால் பாதிக்கப்படுவது தொழிலாளி. நோய்க்கால உதவித்தொகைக்கு அந்தக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு வேண்டும், 76 என்று ஏறியிருந்தால் அவருக்குப் பணம் வராது.

பிஎஃப்பில் இதற்கு இணையான இடம் சம்பளமில்லா நாள் கட்டம். 31 நாள் மாதத்தில் 4 ஞாயிறு, வேலை நாள் 27, வந்தது 24. எழுத வேண்டியது 3. ஷிப்ட் கூலி ஆட்களுக்குச் சில சாஃப்ட்வேர் 31இல் 24ஐக் கழித்து 7 போடும். அந்தக் கட்டம் பென்ஷன் சேவைக் கணக்கைத் தொடும் கட்டம். இன்று யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆள் பென்ஷனுக்கு எழுதும்போது தெரியவரும்.

இஎஸ்ஐயில் 0 நாள் உள்ளவருக்குக் காரண எண் கேட்கும். லீவு வேறு, வேலையை விட்டது வேறு. ஊருக்குப் போனவரையெல்லாம் "விலகினார்" என்று போட்டுவிட்டு, திரும்பியதும் மறுபடி சேர்க்க அலைவது வேண்டாம். 21,000ஐத் தாண்டியதால் வெளியே என்ற காரணத்தை ஏப்ரல், அக்டோபர் தவிர மற்ற மாதங்களில் போடவே கூடாது.

இப்போது பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலில் இருக்கின்றன. சம்பளம் என்பதன் வரையறை மாறிவிட்டது. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் போன்ற விலக்குகள் மொத்தத்தில் 50%ஐத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேரும். ஒரு லைன் சூப்பர்வைசர்: அடிப்படை, பஞ்சப்படி 12,000, வாடகைப்படி 10,000, போக்குவரத்து 5,000, அந்த மாதம் ஓவர்டைம் 3,000. மொத்தம் 30,000, விலக்குகள் 18,000. பாதி 15,000, தாண்டியது 3,000. ஆக சம்பளம் 15,000. மறுமாதம் ஓவர்டைம் இல்லையென்றால் மொத்தம் 27,000, விலக்கு 15,000, பாதி 13,500, தாண்டியது 1,500, சம்பளம் 13,500. ஒரே ஆளுக்கு மாதாமாதம் அடித்தளம் ஆடுகிறது பாருங்கள். இந்த இரண்டு மாதத்தையும் டெமோவில் போடச் சொல்லுங்கள். பழைய இஎஸ்ஐ சட்டத்தில் ஓவர்டைமுக்குப் பங்களிப்பு உண்டு, உச்சவரம்பு பார்க்க மட்டும் அது சேராது. புதிய வரையறையில் ஓவர்டைம் விலக்குப் பட்டியலில் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு படிக்கும் "பிஎஃப்புக்குச் சேருமா, இஎஸ்ஐக்குச் சேருமா, எந்தத் தேதியிலிருந்து" என்று நீங்களே டிக் வைத்து மாற்றும் வசதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 15,000, 21,000 போன்ற எண்களும் தேதியோடு அட்டவணையில் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாஃப்ட்வேர்காரர் காலில் விழ முடியாது.

இன்னொரு மாற்றம், வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். மாதம் ஒரு முறை மட்டும் சம்பளம் ஓட்டும் சாஃப்ட்வேர் இதற்கு உதவாது. மாத நடுவில் ஒருவருக்கு மட்டும் கணக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

புது ஆள் சேர்ப்பதில் ஒன்று. 2025 ஆகஸ்ட் 1 முதல் புது யூஏஎன் எண் அரசின் உமங் ஆப்பில் முகம் காட்டித்தான் எடுக்க வேண்டும், வெகு சில விலக்குகள் தவிர. உங்கள் சாஃப்ட்வேர் மொத்தமாக எடுத்துத் தராது. ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இல்லாதவர் ஓடிபி வராமல் அங்கேயே நின்றுவிடுவார். ஒடிசாவில் இருந்து பழைய சிம்மை விட்டுவிட்டு வந்தவர்கள் இதில் நிறைய. வேலைக்குச் சேரும் முதல் நாளே ஆபீஸ் போனில் உமங்கும் ஆதார் முக ஆப்பும் வைத்து முடித்துவிடுங்கள். மாதம் முடிந்து 15ஆம் தேதி பணம் கட்டும் நேரத்தில் தேடினால் ஆள் ஊரில் இருப்பார்.

---

லைன்_பேலன்ஸ்:

58 டெய்லர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

பண்டல் டிக்கெட்டில் (துணிக் கட்டோடு போகும் சீட்டு) க்யூஆர் ஒட்டி ஆபரேஷன் (தையல் கட்டம்) வாரியாக ஸ்கேன் செய்வது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள். 3,000 பீஸ் ஆர்டர், பண்டலுக்கு 25 என்றால் 120 பண்டல். 14 ஆபரேஷன் என்றால் 1,680 டிக்கெட். ஒரு ஆர்டருக்கு. அச்சடிக்க, கிழிக்க, ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும். ஓவர்லாக் டெய்லர் ஒருவர் பாதிப் பண்டலில் எழுந்து போய் இன்னொருவர் முடித்தால் காசு யாருக்கு? செக்கிங்கில் இருந்து ஆல்ட்டர் (குறையைச் சரிசெய்ய வேண்டிய பீஸ்) திரும்பி வந்ததற்கு மறுபடி ஸ்கேன் ஆகிறதா? ஒரே டிக்கெட்டை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் சாஃப்ட்வேர் தடுக்கிறதா? இவற்றுக்கு விதி இல்லாமல் தொடங்கினால் லைனில் தினமும் சண்டை.

அதனால் பீஸ் ரேட்டை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். டெய்லர்களும் முக மெஷினில் பஞ்ச் செய்யட்டும், நாள் கணக்கு அதிலிருந்து வரட்டும். பீஸ் எண்ணிக்கையை இப்போது போலவே லைன் சூப்பர்வைசர் எழுதி, மாலையில் ஒருவர் ஏற்றட்டும். சாஃப்ட்வேரில் உங்களுக்கு வேண்டியது இரண்டே. ஒன்று, ஸ்டைல், ஆபரேஷன் வாரியாக ரேட்டும் அது எந்தத் தேதியிலிருந்து என்பதும். ஒப்பந்தக் கூலி உயரும்போது பழைய ரேட்டின் மேல் புது ரேட்டை எழுதிவிட்டால் முந்தின வாரக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். இரண்டு, பீஸ் வருமானம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போனால் மீதியைச் சேர்த்துக் காட்டும் வரி. ஸ்டைல் மாறும் முதல் இரண்டு மூன்று நாளில் இது கட்டாயம் வரும்.

---

சட்டைப்பை:

தொழிலாளி பக்கத்திலிருந்து சில. சம்பளச் சீட்டு தமிழிலும் இந்தியிலும், முடிந்தால் ஒடியாவிலும் இருக்கட்டும். மொத்தத் தொகை மட்டும் போதாது. ஷிப்ட் எண்ணிக்கை, ஓவர்டைம் மணி, அட்வான்ஸ் பிடித்தம், அட்வான்ஸ் மீதி நான்கும் தனி வரியில் வேண்டும். ஆட்கள் முதலில் பார்ப்பது அட்வான்ஸ் மீதியைத்தான். பிடித்தங்கள் மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் சாஃப்ட்வேரில் வையுங்கள். தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸை ஒரே வாரத்தில் பிடித்து கையில் 300 ரூபாய் கொடுக்கும் வேலை மெஷின் மேல் பழியாகிவிடும்.

பஞ்ச் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். சூப்பர்வைசர் கேட்கலாம், எச்ஆர் ஒப்புக்கொள்ளலாம். கேட்பவரே ஒப்புக்கொள்ளக் கூடாது. பழைய நேரம், புது நேரம், காரணம், யார் மாற்றியது என்பது அழியாமல் நிற்க வேண்டும். முதல் மாதம் ஒரே சூப்பர்வைசரிடமிருந்து 60 திருத்தம் வந்தால் அவர் லைனில் மெஷின் தகராறா, ஆள் தகராறா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

முகத் தரவு பற்றி ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்து, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. என்ன எடுக்கிறோம், எதற்கு, விலகினால் எப்போது அழிப்போம் என்று ஒரு பக்கத்தில் அவர்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள். விலகியவர் முகத்தை சாஃப்ட்வேரில் அழித்தால் மெஷினிலும் அழிகிறதா என்று சோதியுங்கள். பல இடங்களில் அழிவதில்லை.

---

சம்பளக்கணக்கு:

கடைசியாக, வரிசை கேட்டீர்களே. விதியும் ஆள் பட்டியலும் ஒரு மாதம். மெஷின் மாட்டி வெறும் பதிவு மட்டும், வெட்டு எதுவும் இல்லாமல், நான்கு வாரம். அப்புறம் எட்டு வாரம் எக்செல்லும் சாஃப்ட்வேரும் சேர்ந்து ஓடட்டும், காசு எக்செல் படிதான். ஒவ்வொரு வெள்ளி மாலையும் ஆள் வாரியாக வித்தியாசத்தை எடுத்து, ஒரு ரூபாய்க்கு மேல் உள்ளதற்குப் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: பஞ்ச் விட்டது, ஷிப்ட் தப்பாகப் பொருந்தியது, ரேட் பழசு, எக்செல்லே தப்பு. நான்காவது காரணம் எதிர்பார்த்ததைவிட அதிகம் வரும். எக்செல்காரர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் ஒத்துழைக்காமல் இது முடியாது. தொடர்ந்து மூன்று வாரம் காரணமில்லாத வித்தியாசம் ஒன்றுகூட இல்லை என்றால் மாறுங்கள்.

மாறும் மாதம் ஏப்ரல். நிதியாண்டும் இஎஸ்ஐ பங்களிப்புக் காலமும் சேர்ந்தே தொடங்கும், பழைய மாதங்களை ஏற்றும் வேலை குறையும். அக்டோபரும் கணக்குக்குச் சரிதான், ஆனால் தீபாவளி போனஸ் நேரத்தில் திருப்பூரில் யாரும் புது சாஃப்ட்வேர் தொடங்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றால் எந்த ஆள்? அந்த மாதம் சம்பளம் போட்டவரா, பட்டியலில் கிடக்கும் விலகியவர்களும் சேர்த்தா? வருஷத்தில் பாதிப் பேர் மாறும் இடத்தில் பில் இரண்டு மடங்காகிவிடும். இன்னொன்று, விலகும்போது மூல பஞ்ச், சம்பளப் பதிவேடு, ரேட் வரலாறு மூன்றையும் எக்செல்லில் திறக்கும் ஃபைலாகத் தர வேண்டும், பிடிஎஃப்பாக அல்ல. அதைக் கடைசியில் கேட்காமல் முதல் மாதமே ஒரு தடவை இறக்கித் திறந்து பாருங்கள்.